பர்மனென்ட் ஆன பைப்பும் உன் இடது கையும்

எழுந்து ஓட முடியாத இடத்தில் படுத்திருக்கும் என் மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். திகைக்காதே. டயாலிசிஸ் மெஷினில் மாட்டி நாலு மணி நேரம் கிடக்கும்போது மட்டும்தான் நீ ஒரே இடத்தில் இருக்கிறாய். வீட்டில் நான் வாயைத் திறந்தால் காதில் ஹெட்போனை மாட்டுகிறாய். மாட்டாத நேரத்தில் "பாத்துக்கிடலாம்மா" என்கிறாய். அதற்கும் நான் அடங்காவிட்டால் "டென்ஷன் மத் லோ" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாய். செவிடன் காதில் சங்கு ஊதி ஊதி எனக்கு மூச்சு வாங்குகிறது. அதனால்தான் சிஸ்டரிடம் சொல்லி வைத்தேன், மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு இந்தக் கவரை இவன் கையில் கொடுங்கள் என்று. "லவ் லெட்டர் ஹை க்யா அம்மா?" என்று சிரித்தாள் அந்த மலையாளத்துப் பெண். "நஹி, டாண்ட் ஹை" என்றேன். திட்டுதான். பக்கத்து பெட்காரர் கேட்டால் அவருக்கும் படிக்கக் கொடு. இந்த வார்டில் படுத்திருக்கிற எல்லாருக்கும் பொதுவான திட்டு இதில் பாதி இருக்கிறது. மீதிப் பாதியில் எனக்கு நானே கொடுத்துக்கொண்ட திட்டும் உண்டு.

முதலில் அந்தப் போட்டோ. போன வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்து, "மாயாபந்தர் குவார்ட்டர்ஸ்ல என் துணிமணியும் ஆபீஸ் பேப்பரும் கிடக்கும்மா, எடுத்துட்டு ஞாயித்துக்கிழம வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். நானும் நம்பித் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தேன். ஞாயிறு போயிற்று. திங்கட்கிழமை டயாலிசிஸ் போயிற்று. செவ்வாய்க்கிழமை, மெயின்லேண்டிலிருந்து வந்த சர்ஜன் ஆபரேஷனுக்காக உன் இடது கையைப் பார்க்க வேண்டிய நாள், அதுவும் போயிற்று. நான் கூப்பிட்டபோதெல்லாம் உன் போன் சுவிட்ச் ஆஃப். அன்று மத்தியானம் அப்பா தன் போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். ஸ்டேட்டஸை என்னிடமிருந்து மறைத்த கெட்டிக்காரனுக்கு அப்பாவிடமிருந்து மறைக்கத் தோன்றவில்லை. லாங் ஐலண்டில் சிநேகிதன் கல்யாணமாம். கடலில் இடுப்பளவு தண்ணீரில் நாலு தடியன்கள். நடுவில் நீ, நெஞ்சில் பாலிதீன் கேரி பேக்கைச் சுற்றி, அதன்மேல் பிரவுன் டேப் ஒட்டி, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். கடைக்காரன் மீன் கட்டிக் கொடுக்கிற பையடா அது! அந்தப் பைக்கு அடியில், டயாலிசிஸுக்காக நெஞ்சில் போட்டிருக்கிற பைப்பு எங்கே போய் முடிகிறது என்று உனக்குத் தெரியாதா? இருதயத்தில் போய் முடிகிறது. புதன்கிழமை வந்து இறங்கினபோது உன் முகம் அதிரசம் மாதிரி உப்பியிருந்தது. படி ஏற மூச்சு வாங்கியது. வந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "குழம்பு என்னம்மா?"

உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. பிள்ளை இப்படி என்றால் பெற்றவள் எப்படி இருந்திருப்பாள் என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும், சொல்கிறேன். உனக்குக் கிட்னி போய்விட்டது என்று சொன்ன அன்றைக்கே கழுத்தில் ஒரு பைப்பைச் சொருகினார்கள். டெம்பரரி என்றார்கள். கொஞ்ச நாளைக்குத்தான், நனையக்கூடாது, பிளாஸ்திரியைத் தொடக்கூடாது, ஆஸ்பத்திரியைத் தவிர வேறு யாரும் திறக்கக்கூடாது என்று டாக்டர் மூன்று தடவை சொன்னார். நான் மூன்று தடவையும் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு நேரே முருகன் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனை செய்த விபூதியைக் கொண்டுவந்து உன் நெற்றியில் பூசினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நெற்றியிலா நோய்? கழுத்திலல்லவா பைப்பு இருக்கிறது? நீ தூங்கும்போது பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் மெல்லத் தூக்கி, பைப்பு தோலுக்குள் போகிற இடத்தில் ஒரு சிட்டிகை வைத்து, திரும்ப ஒட்டிவிட்டேன். அப்புறம் அது ஒட்டவில்லை. ஓரம் தூக்கிக்கொண்டே இருந்தது. நீ கேட்டாய், "என்னம்மா, கழுத்துல அரிக்கி." வியர்வையாக இருக்கும் என்றேன்.

அடுத்த டயாலிசிஸில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கட்டில் ஆடுகிற மாதிரி உனக்குக் குளிர் வந்தது. இரண்டு கம்பளி போட்டும் பல் கிட்டிப் போயிற்று. சிஸ்டர் ஓடிவந்து பிளாஸ்திரியைப் பிரித்தாள். உள்ளே வெள்ளையாகப் பொடி. "யே க்யா ஹை? பவுடர் டாலா?", பவுடர் போட்டீர்களா என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். "பபூத் ஹை சிஸ்டர், பகவான் கா" என்றேன், சாமி விபூதி என்று. அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. உடனே டாக்டருக்குப் போன் போட்டாள். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது. கழுத்துப் பைப்பை எடுத்தார்கள், தொடையில் ஒன்று போட்டார்கள், அது இன்னும் மோசம், சீக்கிரம் எடுக்க வேண்டும் என்றார்கள். பதினாறு நாள் ஊசி. விபூதியாலேயே வந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். "அப்படி உறுதியாகச் சொல்ல முடியாதும்மா, கழுத்துப் பைப்பில் எப்படி வேண்டுமானாலும் வரும்" என்றார். எனக்காகச் சொன்னாரோ, உண்மையைத்தான் சொன்னாரோ. அந்தப் பதினாறு நாளும் முருகனிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் மேல் கோபமில்லை, என் நகத்தின் மேல்தான் கோபம்.

அப்புறம் வந்ததுதான் நெஞ்சுப் பைப்பு. அதன் கதையை நீ எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறாய். நம் வீட்டில் பர்மனென்ட் என்ற வார்த்தைக்கு என்ன விலை என்று தெரிந்தும் சிரிக்கிறாயே, அதுதான் எனக்கு ஆத்திரம். உன் அப்பா இந்தத் தீவுக்கு வந்து பதினேழு வருஷம் தினக்கூலி மஸ்தூராக மண் சுமந்தவர். யாராவது வந்தால் "எப்ப பர்மனென்ட் ஆவுது?" என்பார்கள். பெண் கொடுத்த என் அப்பா திருநெல்வேலியிலிருந்து எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி அதுதான். ஆர்டர் வந்த அன்று அப்பா கராச்சர்மா பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரைக்கும் நின்றவர் போனவருக்கெல்லாம் லட்டு கொடுத்துக்கொண்டே வந்தார், ஒரு பெங்காலிக்காரர் நாயைக்கூட விடவில்லை. அப்படிப்பட்ட மனுஷனிடம் போய், "டெம்பரரி ஹட்டா தியா, அப் பர்மனென்ட் வாலா டால் தியா", டெம்பரரியை எடுத்துவிட்டுப் பர்மனென்ட்டைப் போட்டாயிற்று என்று தியேட்டர் ஆள் சொன்னால் அவர் என்ன செய்வார்? ஆபரேஷன் தியேட்டர் வாசலில் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏட்டி, கேட்டியா, பர்மனென்ட் ஆயிட்டு! நம்ம பயலுக்குப் பர்மனென்ட் ஆயிட்டு!" நானும் அழுதேன். அரை மணி நேரத்தில் லட்டுப் பெட்டியோடு டயாலிசிஸ் வார்டுக்குள் புகுந்தார். அத்தனை பேரும் தண்ணீரையே அளந்து குடிக்கிற நோயாளிகள், அதில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. "லீஜியே, லீஜியே, பேட்டே கா பர்மனென்ட் ஹோ கயா", எடுத்துக்கோங்க, மகனுக்குப் பர்மனென்ட் ஆயிட்டு என்று வாயிலேயே ஊட்டப் போய்விட்டார். சிஸ்டர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு அவரை வெளியே தள்ளினாள்.

அன்றைக்கு டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து விளக்கினார். பேர்தான் பர்மனென்ட், அதை நம்பி வருஷக்கணக்காக இருக்கக்கூடாது, அதற்குள் கையில் ஃபிஸ்டுலா போட்டுவிட வேண்டும் என்றார். அப்பாவுக்கு வந்ததே கோபம். "அப்ப எதுக்குய்யா பர்மனென்ட்டுன்னு பேரு வச்சீங்க?" என்று டாக்டரையே கேட்டார். இன்றுவரை அவருக்கு அது செரிக்கவில்லை. பர்மனென்ட்டை விட்டுவிட்டு எவனாவது வேறு வேலைக்குப் போவானா என்பதுதான் அவர் நியாயம். அந்த நியாயத்தை நீயும் பிடித்துக்கொண்டாய். அவராவது படிக்காதவர். நீ பி.காம்.

சிஸ்டர் எனக்குச் சொன்ன விதத்தில் உனக்குச் சொல்கிறேன், இந்த முறையாவது மண்டையில் ஏறட்டும். கழுத்துப் பைப்பு என்பது வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குகிற மாதிரி. தோலில் ஓட்டை, அதற்கு நேர் கீழே ரத்தக் குழாய், கிருமிக்கு இரண்டே அடி. நெஞ்சுப் பைப்பு கொஞ்சம் தேவலை. நெஞ்சில் நுழைந்து தோலுக்கு அடியிலேயே கொஞ்ச தூரம் ஊர்ந்து போய்த்தான் கழுத்துக் குழாயில் இறங்குகிறது. நடுவில் துணி மாதிரி ஒரு வளையம், அதைச் சதை வளர்ந்து கவ்விக்கொள்ளும். வாசலுக்கும் அறைக்கும் நடுவில் ஒரு நடை இருக்கிற மாதிரி. அதனால் கிருமி குறைவு. குறைவுதான், இல்லாமல் போகவில்லை. "பைப் பாஹர் ஹை தோ ராஸ்தா குலா ஹை அம்மா" என்றாள். பைப்பு வெளியே தொங்குகிற வரைக்கும் வழி திறந்துதான் கிடக்கிறது. கையில் போடுகிற ஃபிஸ்டுலா உன் சொந்த ரத்தக் குழாயிலேயே ஆனது. இரண்டு ரத்தக் குழாயைத் தோலுக்கு அடியில் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். ஊசி குத்தினால் வழி உண்டு, எடுத்தால் மூடிக்கொள்ளும், வெளியே ஒன்றும் தொங்காது. மூன்றிலும் கிருமி மிகவும் குறைவாக வருவது அதில்தான். தலைக்குக் குளிக்கலாம். ஆனால் இன்றைக்குப் போட்டால் நாளைக்கே ஊசி குத்த முடியாது, பழுத்துத் தடிக்க ஒன்றரை மாதம், இரண்டு மாதம், சிலருக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகும். அதுவரைக்கும் இந்த நெஞ்சுப் பைப்பு தாங்க வேண்டும். நீ தள்ளிப்போடுகிற ஒவ்வொரு வாரமும் வாசல் ஒரு வாரம் கூடுதலாகத் திறந்து கிடக்கிறது. இதில் புரியாதது என்ன இருக்கிறது?

உன் சாக்குகளை எல்லாம் நான் மனப்பாடமாக ஒப்பிப்பேன். முதல் தடவை, "ஆபீஸ்ல ஆடிட் இருக்கு." இரண்டாவது தடவை, "லெஃப்ட் ஹேண்ட்ல வெயிட் தூக்கக் கூடாதுன்னு சொல்லுதாங்க, நான் எப்படி பைக்ல கேஸ் சிலிண்டர் கொண்டு வருவேன்?" நீ என்றைக்கடா எனக்குச் சிலிண்டர் கொண்டுவந்தாய்? மூன்றாவது தடவை, ஃபிஸ்டுலா போட்ட யாரோ ஒருவர் கையைப் பார்த்துவிட்டு வந்தாய், "கயிறு சுத்துன மாதிரி இருக்கும்மா, அரைக்கை சட்ட போட முடியாது." அரைக்கைச் சட்டை! மாயாபந்தரில் இருக்கும்போது கிருமி ஏறி உனக்குக் குளிர் கண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். அங்கிருந்து பஸ், பிறகு காட்டைக் கடக்க வண்டிகளைச் சேர்த்து அனுப்புகிற கான்வாய்க்குக் காத்திருப்பு, பிறகு காடு, பிறகு வண்டியோடு ஜங்கார் படகில் ஏறி இறங்கி, போர்ட் பிளேரில் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர ஒரு பகல் போய்விடும். லாங் ஐலண்ட் என்றால் அதற்கு முன்னால் ஒரு போட். கடல் கொந்தளித்தால் அதுவும் கிடையாது. ரத்தத்தில் ஏறின கிருமி கான்வாய் கேட் திறக்கிற வரைக்கும் காத்திருக்குமா? இதைச் சொன்னபோதெல்லாம் நீ கடைசியாக ஒன்று சொல்வாய். "எதுக்கும்மா இப்பப் போய்க் கைய அறுக்கணும்? உன் கிட்னிதான் வரப்போவுதுல்லா. ரிப்போர்ட் வரட்டும்." அதைக் கேட்டதும் நான் பேச்சை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். நீ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வாய். ஏன் போனேன் என்பதற்கு வருகிறேன், அதற்கு முன்னால் நீ கேட்டுக்கொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

சிஸ்டர் பைப்பின் மூடியைத் திறக்கும்போது மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டுக் கதையடிக்கிறாயாமே. ஏற்று. முகத்தை அந்தப் பக்கம் திருப்பு. உனக்கு ஜோக் சொல்ல வேறு நேரமே கிடைக்காதா? எந்த ஊரில், எந்த டிஸ்பென்சரியில் எவன் கேட்டாலும் அந்தப் பைப்பில் ரத்தம் எடுக்கவோ குளுக்கோஸ் ஏற்றவோ விடாதே, அது டயாலிசிஸுக்கு மட்டும். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொள், கடல் எங்கும் போய்விடாது, நாம் தீவில்தான் இருக்கிறோம். பிளாஸ்திரி ஓரம் தூக்கினால் நீயாக டேப் ஒட்டாதே. நான் ஒட்டித்தான் பார்த்தாயிற்றே. குளிர் வந்தால், பைப்புப் பக்கம் சிவந்தால், வலித்தால், ஒரு மாத்திரையைப் போட்டுப் படுக்காமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. நாளைக்குக் கையில் போட்ட பிறகு, அந்தக் கையில் பிரஷர் பார்க்கவும் ஊசி போடவும் யாரையும் விடாதே. வாட்ச்சை வலது கையில் கட்டு. தினமும் காலையில் விரலை வைத்துப் பார், உள்ளே பூனை உறுமுகிற மாதிரி ஓடிக்கொண்டிருக்குமாம். நின்றால் உடனே ஓடிவர வேண்டுமாம்.

நாளைக்கு என்றேன், கவனித்தாயா? செவ்வாய்க்கிழமை நீ வராதபோது நான் சர்ஜன் ரூம் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் சனிக்கிழமை கிளம்புகிறார். திரும்ப எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. "பேஷண்டே வரவில்லை, அம்மா வந்து என்ன செய்வது?" என்றார். "என் பிள்ளைக்குப் புத்தி கொஞ்சம் லேட்டாத்தான் வரும் டாக்டர், வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துரும்" என்றேன். சிரித்துவிட்டு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு எழுதிக்கொண்டார். இதற்காக நான் அவர் காலில் மட்டும்தான் விழவில்லை.

இப்போது அடுப்படி விஷயம். நாலு மாதத்துக்கு முன்னால் நானும் அப்பாவும் டெஸ்டுக்காகச் சென்னை போனோமே, நீ டயாலிசிஸை விட்டு வர முடியாமல் இங்கேயே இருந்தாயே. அப்பாவுக்குப் பிரஷர் என்று முதல் நாளே வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ரத்த குரூப் சேர்ந்தது, நான் குதித்தேன். பிறகு சர்க்கரை பார்த்தார்கள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, மகனே. எத்தனை வருஷமாகவோ இருந்திருக்கிறது, எனக்கே தெரியவில்லை. சர்க்கரைக்காரியிடம் கிட்னி எடுக்க மாட்டோம், இருக்கிற இரண்டும் உங்களுக்கே வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கெஞ்சினேன். எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அந்த டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு முடியாது என்றாள். வெளியே வந்ததும் நீ போன் பண்ணினாய். நான் வாயைத் திறப்பதற்குள், "அம்மா, உன் கிட்னி எனக்குள்ள வந்தா அதுவும் என்னத் திட்டிக்கிட்டே இருக்குமோ?" என்று கேட்டுச் சிரித்தாய். நோய் வந்த பிறகு நீ அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "ரிப்போர்ட் இன்னும் வரலல" என்றேன். அப்பாவிடமும் சத்தியம் வாங்கிவிட்டேன்.

அந்தப் பொய்யை நம்பித்தான் நீ இந்த நாலு மாதமும் கையைக் கொடுக்காமல் இருந்தாய். பைப்பு என்றால் எப்போது வேண்டுமானாலும் உருவி எறிந்துவிடலாம், கையில் போட்டால் இதுதான் வாழ்க்கை என்று ஒப்புக்கொண்ட மாதிரி, அப்படித்தானே? உன்னைப் பொறுப்பில்லாதவன் என்று ஊரெல்லாம் சொன்னேன். நீ என்னை நம்பிக்கொண்டிருந்தாய், அவ்வளவுதான். விபூதியாவது ஒரு சிட்டிகை. இதை நாலு மாதம் தினமும் உன் சோற்றோடு பிசைந்து போட்டிருக்கிறேன். நீ கேரி பேக்கைச் சுற்றிக்கொண்டு கடலில் நின்றதைவிட நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். கிட்னிக்கு இன்னொரு வழி இருக்கிறதாம், இறந்தவர்களிடமிருந்து வருவதற்குப் பேர் எழுதி வைக்கலாமாம். எழுதுவோம். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வருகிற அன்றைக்கு நீ இருக்க வேண்டும், ரத்தத்தில் கிருமி இல்லாமல் இருக்க வேண்டும்.

என் கிட்னி வராதுல. எனக்குச் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் எழுதிவிட்டேன். உன்னிடம் இருக்கிறது உன் இடது கை மட்டும்தான், அதை நாளைக்குக் காலையில் கொடுத்துவிடு. கோபம் வரும். வரட்டும். நான் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன், வந்து வாய்க்கு வந்தபடி கேள், பதில் பேச மாட்டேன். ஆனால் மெஷின் முடிகிற வரைக்கும் எழுந்திருக்காதே. அழுகை வந்தாலும் தலையைத் தூக்காமல் அழு. பைப்பு இழுபடும்.

அம்மா